கொழும்புக் கசினோக்கள்: போகும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கொம்பனித்தெருவில் 2025 ஓகஸ்ட் 2ஆம் திகதி சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய கசினோ ஹோட்டல் வளாகம் திறக்கப்பட்டதிலிருந்து, கசினோ பற்றிய பேச்சு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளின் வரவேற்பறைக்கே வந்துவிட்டது. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த மாமா கேட்கிறார், சென்னையிலிருந்து வியாபாரமாக வந்த நண்பர் கேட்கிறார், பல்கலைக்கழகம் முடித்த பையன் வேலை கிடைக்குமா என்று கேட்கிறான். இன்னும் சிலர் தாழ்ந்த குரலில், வீட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டதைப் பற்றிக் கேட்கிறார்கள். இவர்கள் எல்லாருக்குமான பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். போக வேண்டாம் என்று யாரையும் தடுப்பது என் நோக்கமில்லை. ஆனால் அந்த மாலைக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை என்ன என்பது உள்ளே போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விலையைக் காகிதத்தில் கணக்கிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

கொழும்பில் கசினோக்கள் எங்கே இருக்கின்றன?

பழையவற்றில் பலரும் அறிந்தவை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பாலிஸ், கொள்ளுப்பிட்டியில் உள்ள பெலாஜியோ, மரினா, பம்பலப்பிட்டியில் உள்ள எம்.ஜி.எம். பெயரைப் பார்த்து இவை லாஸ் வேகஸ் நிறுவனங்களின் கிளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்குள்ள பெலாஜியோவுக்கும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கும் இவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை. இவை உள்ளூர் முதலாளிகள் பல ஆண்டுகளாக நடத்திவரும் இடங்கள்.

சிட்டி ஒஃப் ட்ரீம்ஸில் அப்படி என்ன புதிது?

அளவும் முதலீடும் புதிது. ஜோன் கீல்ஸ் நிறுவனம் பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டிய இந்தத் திட்டத்துக்கு 1 பில்லியன் டொலருக்கும் அதிகமாகச் செலவானது. கட்டடத்தை வடிவமைத்தவர் இலங்கையில் பிறந்த செசில் பால்மன்ட். சினமன் லைஃப் ஹோட்டலின் 687 அறைகளும் நுவா ஹோட்டலின் 113 அறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கடைத்தொகுதி, உணவகங்கள், மாநாட்டு மண்டபங்கள், அடுக்குமாடி வீடுகள் எல்லாம் உண்டு. கசினோவை நடத்துவது மக்காவ், மணிலா, சைப்பிரஸ் ஆகிய இடங்களில் இதே பெயரில் தொழில் செய்யும் மெல்கோ நிறுவனம். சர்வதேசக் கசினோ நிறுவனம் ஒன்று கொழும்பில் கால்வைத்தது இதுவே முதல் தடவை.

இப்படியொரு முயற்சி ஏற்கெனவே ஒரு தடவை நடந்தது. அவுஸ்திரேலியாவின் கிரௌன் நிறுவனம் 2013இல் கொழும்பில் கசினோ ஹோட்டல் அமைக்க முன்வந்தது. பௌத்த பிக்குகளும் எதிர்க்கட்சியும் கடுமையாக எதிர்த்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாண்டு கழித்து இன்னொரு நிறுவனத்தின் கசினோ திறந்தபோது அந்த எதிர்ப்புக் குரல் எங்கும் பெரிதாகக் கேட்கவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு டொலர் கொண்டுவரும் எதையும் மறுக்கும் நிலையில் நாடு இல்லை என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இலங்கையில் கசினோ சட்டபூர்வமானதா?

ஆம், உரிமம் பெற்றால். ஆனால் சட்டம் வந்த பாதை கோணலானது. பொதுவான சூதாட்டத்தைத் தடைசெய்யும் கட்டளைச் சட்டம் 1889ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் வரி விதிக்கும் சட்டம் 1988இல் வந்தது. கசினோ தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமோ 2010இல்தான் நிறைவேறியது. அதன் கீழ் உரிமம் வழங்குவதற்கான ஒழுங்குவிதிகள் வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் கசினோக்கள் வரி கட்டிக்கொண்டு இயங்கின, அரசும் வாங்கிக்கொண்டது. 2025இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. கசினோ, பந்தய நிலையம், இணையச் சூதாட்டம் எல்லாவற்றையும் ஒரே அமைப்பின் கண்காணிப்பில் கொண்டுவருவது அதன் நோக்கம்.

வரியும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கசினோ ஆண்டுக்குக் கட்டும் தொகை 2023இல் 200 மில்லியன் ரூபாவிலிருந்து 500 மில்லியனாக உயர்ந்தது.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர் போகலாமா?

போகலாம், ஆனால் நுழைவு வரி உண்டு. முன்பு 50 அமெரிக்க டொலராக இருந்த இந்த வரியை 2025இல் வந்த திருத்தம் 100 டொலராக உயர்த்தியது. ஏறக்குறைய 30,000 ரூபா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இந்த வரி இல்லை. டொரொன்டோவிலிருந்து வந்த மாமா இலவசமாக உள்ளே போக, அவரைக் கூட்டிச்சென்ற மருமகன் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பங்கை வாசலிலேயே கொடுக்க வேண்டியிருக்கும். மருமகனுக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். நான் இந்த வரியை வரவேற்கிறேன். ஒருவர் வாசலில் நின்று யோசிக்க வைக்கும் ஒரே ஏற்பாடு இன்றைக்கு இதுதான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 30,000 ரூபா கட்டி உள்ளே போனவர் அதையும் ஆட்டத்தில் மீட்டுக்கொண்டுதான் திரும்புவேன் என்று உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பணம் போன பணம். அதை மேசையில் தேடாதீர்கள்.

உள்ளே எப்படி இருக்கும்?

அடையாள ஆவணத்தைக் காட்டி, பதிவுசெய்து, பாதுகாப்புச் சோதனை தாண்டி உள்ளே போவீர்கள். காசாளரிடம் பணத்தைக் கொடுத்து, அதற்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லையான சிப் வாங்குவீர்கள். மேசைகளில் பக்கரா, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டங்கள், சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று கட்டும் ரூலெட், இந்திய வாடிக்கையாளர்களுக்காக அந்தர் பாஹர், தீன் பத்தி என்ற சீட்டாட்டங்கள். சுவரோரம், பணம் கட்டிப் பொத்தானை அழுத்தி விளையாடும் ஸ்லொட் இயந்திரங்கள். மேடையில் பாட்டு, நடனம். யன்னலோ மணிக்கூடோ கண்ணில் படாது. வெளிச்சம் இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒலித்ததும் எழுந்துவிடுங்கள்.

சிப் பற்றி ஒரு வார்த்தை. 5,000 ரூபாத் தாளைக் கையில் எடுத்து மேசையில் வைக்க மனம் கூசும். அதே பெறுமதியுள்ள ஒரு வண்ண வில்லையை வைக்கக் கூசாது. அடையாளம் மாறியதும் பணத்தின் பாரம் மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சிப்பும் எத்தனை ரூபா என்பதை வைக்கும்போதே மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் பழக்கம் பலரைக் காப்பாற்றும்.

சாப்பாடும் மதுவும் இலவசமாமே?

பல இடங்களில் விளையாடுபவருக்கு இலவசம்தான். நல்ல சாப்பாடும்கூட. இந்தக் கேள்வியில்தான் கசினோவின் முழுத் தொழிலும் அடங்கியிருக்கிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எந்த ஆட்டத்திலும் கசினோவுக்கு ஒரு சிறு சாதகம் வைக்கப்பட்டிருக்கும். ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்கு தருவார்கள். நியாயமாக இருந்தால் 36 மடங்கு தர வேண்டும். அந்த வித்தியாசம் கட்டிய தொகையில் 2.7 வீதம். இரண்டு பூச்சியங்கள் உள்ள சக்கரம் என்றால் 5.26 வீதம். மோசடி எதுவும் வேண்டாம், காந்தம் வேண்டாம், ஒளித்துவைத்த பொத்தான் வேண்டாம். இந்த 2.7 வீதமே போதும்.

இப்போது உங்கள் மாலையின் விலையைக் கணக்கிடுங்கள். ஒரு தடவை கட்டும் தொகை, மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், கசினோவின் சாதகம் எத்தனை வீதம்: இந்த நான்கையும் பெருக்க வேண்டும். சுற்றுக்கு 5,000 ரூபா, மணிக்கு 35 சுற்று, நான்கு மணி நேரம் என்றால் நீங்கள் மேசையில் வைத்த மொத்தம் 7 இலட்சம் ரூபா. அதில் 2.7 வீதம் 18,900 ரூபா. நீங்கள் சாப்பிட்ட புரியாணிக்கும் குடித்த இரண்டு கோப்பைக்கும் சராசரியாக இதுதான் விலை. 50,000 ரூபாவோடு போனேன், 7 இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வென்ற பணத்தைத் திரும்பத் திரும்பக் கட்டியதில் வந்தது. சராசரி என்பதையும் கவனியுங்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு இலட்சம் வெல்லலாம், கொண்டுபோனது முழுவதையும் இழக்கலாம். ஆனால் நீங்கள் எத்தனை மாலைகள் போகிறீர்களோ அத்தனைக்கு உங்கள் கணக்கு அந்தச் சராசரியை நெருங்கும்.

எந்த ஆட்டத்தில் நட்டம் குறைவு?

எந்தச் சீட்டுகள் வந்தால் மேலும் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்லும் அடிப்படை உத்தியைப் பிசகாமல் கடைப்பிடித்தால் பிளாக்ஜாக்கில் கசினோவின் சாதகம் அரை வீதம் அளவுக்குக் குறையும். ஆனால் அந்த உத்தியை மனப்பாடமாக வைத்திருப்பவர் அரிது. ஊகித்து விளையாடுபவருக்கு இது மலிவான ஆட்டமே இல்லை.

பக்கராவில் எந்த உத்தியும் வேண்டாம், பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கங்களில் எது வெல்லும் என்று கட்டினால் போதும். பேங்கர் பக்கம் கட்டினால், வெற்றிக்கு 5 வீதக் கழிவு போக, சாதகம் 1.06 வீதம். பிளேயர் பக்கம் 1.24 வீதம். இரண்டும் சமனாகும் என்று டை மீது கட்டினால் 14.36 வீதம்! எட்டு மடங்கு கிடைக்கும் என்ற ஆசையில் அந்தக் கட்டத்தில் சிப் வைப்பவர்களைப் பார்க்கும்போது கையைப் பிடித்து நிறுத்தலாம் போலிருக்கும்.

வீதம் குறைவு என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கரா வேகமான ஆட்டம். மணிக்கு 60 சுற்று, சுற்றுக்கு 5,000, நான்கு மணி நேரம் என்றால் மேசையில் வைத்தது 12 இலட்சம். பேங்கர் பக்கமே கட்டியிருந்தாலும் சராசரி நட்டம் 12,720 ரூபா. டையில் கட்டியிருந்தால் 1,72,320 ரூபா.

ஸ்லொட் இயந்திரத்தில் அதிர்ஷ்டம் எப்போது வரும்?

எப்போது என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு அழுத்தலின் முடிவும் புதிதாக உண்டாகும் ஒரு எண்ணால் தீர்மானிக்கப்படுகிறது. நீண்ட நேரம் பணம் தராத இயந்திரம் இனித் தரும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. 100 ரூபா கட்டி 40 ரூபா கிடைத்தாலும் அது இசையோடு வெற்றியைக் கொண்டாடும். போனது 60 ரூபா.

ரூலெட்டில் எட்டுத் தடவை கறுப்பு விழுந்தால் அடுத்தது சிவப்புத்தானே?

இல்லை. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று தொகையைக் கூட்டிக் கூட்டிக் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். கொழும்பு ரூலெட் மேசைகளிலும் கடைசியாக விழுந்த எண்களைக் காட்டும் பலகை உண்டு. கசினோ ஏன் அந்தத் தகவலை இலவசமாகத் தருகிறது என்று யோசித்தாலே விளங்கும்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டும் முறை வெல்லாதா?

பெரும்பாலான மாலைகளில் சிறு தொகை வெல்லும், அதனால்தான் மக்கள் அதை நம்புகிறார்கள். 1,000 ரூபாவில் தொடங்கித் தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால், எட்டாவது தோல்வியில் 2,55,000 ரூபா போயிருக்கும். ஒன்பதாவது தடவை 2,56,000 கட்ட வேண்டும், அதுவும் 1,000 ரூபா இலாபத்துக்காக. எட்டுத் தோல்வி எங்கே தொடர்ந்து வரப்போகிறது என்பீர்கள். ரூலெட்டில் சிவப்பு அல்லது கறுப்பில் கட்டி 140 சுற்று ஆடும் ஒருவருக்கு ஏறக்குறைய நான்கு மாலைகளில் ஒன்றில் அது வரும். அதற்குள் மேசையின் உச்சவரம்பும் குறுக்கே நிற்கும்.

சென்னையிலிருந்து விமானச் சீட்டு, அறை எல்லாம் இலவசம் என்று அழைக்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், நிபந்தனை உண்டு. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு சிப் வாங்கியாக வேண்டும். பெரும்பாலும் அவை நேரடியாகப் பணமாக மாற்ற முடியாத சிப்கள். மேசையில் கட்டி வென்றால்தான் மாற்றக்கூடிய சிப் கையில் வரும். கொடுத்த தொகையை இத்தனை தடவை உருட்டியிருக்க வேண்டும், அதாவது மேசையில் திரும்பத் திரும்பக் கட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கும். மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப்பாருங்கள். உருட்டும் மொத்தத் தொகையில் கசினோவின் வீதம், விமானச் சீட்டையும் அறையையும்விட எத்தனை மடங்கு என்பது உடனே தெரிந்துவிடும். கையொப்பமிடும் முன் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: சிப்பை எப்போது பணமாக மாற்றலாம், எவ்வளவு உருட்ட வேண்டும், இடையில் நிறுத்தினால் அறைக்கும் சீட்டுக்கும் யார் பணம் கட்டுவது. முகவர் நேரடியாகப் பதில் சொல்லத் தயங்கினால் சொந்தச் செலவில் வாருங்கள். விமானப் பயணம் ஒன்றரை மணி நேரம்தான்.

கசினோவில் வேலைக்குப் போகலாமா?

நாணயமான வேலைதான். மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலர் வேலைக்குப் பயிற்சி தருவார்கள். மனக்கணக்கும் ஆங்கிலமும் வேண்டும், தமிழோடு ஹிந்தியும் தெரிந்தால் மிகவும் நல்லது. இரவு வேலை உடம்பை வாட்டும். நடுநிசியில் கடைசி வண்டி போய்விட்ட பிறகு வீடு திரும்ப நிறுவனம் வாகனம் தருகிறதா என்பதைச் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள்.

சூதாடாமல் அந்த இடத்தை ரசிக்க முடியாதா?

தாராளமாக முடியும். கொம்பனித்தெரு வளாகத்தின் கடைத்தொகுதிக்கும் உணவகங்களுக்கும் போக நுழைவு வரி கிடையாது. மாலையில் போனால் பேரை வாவிக்கு அப்பால் தாமரைக் கோபுரம் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். நடந்து போகும் தூரத்தில் முருகன் கோயில் இருக்கிறது. மலாய், தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஒழுங்கைகளில் மிஞ்சியவையும் இருக்கின்றன. அந்த வீடுகள் பல, கடந்த பதினைந்து ஆண்டுகளில் உயர்ந்த கோபுரங்களுக்காக இடிக்கப்பட்டன. என்னைக் கேட்டால், உறவினரைக் கூட்டிப்போய் முதலில் அந்த ஒழுங்கைகளைக் காட்டுவேன்.

நாட்டுக்கு இது நல்லதா?

வெளிநாட்டவர் வந்து செலவழிக்கும் டொலர் நல்லது. உள்ளூர்க்காரர் இழக்கும் ரூபா வேறு கணக்கு: அது நாட்டுக்குள் புதிதாக வந்த பணமல்ல, ஒரு குடும்பத்தின் கையிலிருந்து கசினோவின் கைக்குப் போன பணம். பிற நாடுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருக்கின்றன. நேபாளம் தன் குடிமக்களைக் கசினோவுக்குள் விடுவதில்லை. தென் கொரியாவில் பல கசினோக்கள் இருந்தும் குடிமக்கள் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூர் 2010இல் கசினோவைத் திறந்தபோதே குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் 100 சிங்கப்பூர் டொலர் நுழைவு வரி வைத்தது, 2019இல் அதை 150 ஆக்கியது. அங்கே ஒருவர் தன்னைத் தானே தடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்தும் தடை பெறலாம்.

குடும்பம் விண்ணப்பித்துப் பெறும் இந்தத் தடை கொழும்புக்கும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வரி உயர்த்துவதைவிட அவசரமான காரியம் அது. செட்டியார் தெரு அடகுக்கடைக்குத் தாலிக்கொடி போனபிறகு ஒரு பெண்ணுக்குத் தகவல் கிடைப்பதால் பயனில்லை. முன்னரே வாசலை அடைக்கும் உரிமை அவளுக்கு வேண்டும்.

வீட்டில் ஒருவர் சிக்கிவிட்டார் என்பதை எப்படி அறிவது?

இழந்த தொகையின் அளவைவிட, இழந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். விட்டதைப் பிடிக்கப் போகிறார் என்றால் அதுதான் அடையாளம். சம்பளம் வந்த அன்றே கைமாற்றுக் கேட்பது, சீட்டுப் பணத்தை ஏலத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது, நகை எங்கே என்றால் எரிந்துவிழுவது, ஒரு தடவை வென்றதை மட்டும் பலமுறை சொல்வது, இவை எல்லாம் சேர்ந்து வரும். கசினோ மட்டுமல்ல, கைபேசியில் ஓடும் பந்தயச் செயலிகளும் இதே குழியில் தள்ளும். அதற்கு நுழைவு வரியும் இல்லை, வாசலும் இல்லை, படுக்கையில் கிடந்தபடியே விளையாடலாம்.

இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்ப்பவர்கள் உதவி செய்ய முடியாமல் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் இதை அடிமையாதல் சார்ந்த கோளாறாகச் சேர்த்திருக்கிறது. சிகிச்சை இருக்கிறது, பேச்சுவழிச் சிகிச்சை பலருக்குப் பயன் தருகிறது.

அவருடைய கடனை நாங்கள் அடைத்துவிடலாமா?

ஒரே தடவையில் எல்லாவற்றையும் அடைத்துக் கையில் பணத்தையும் கொடுத்துவிட்டால், அவருக்கு மீண்டும் கடன் வாங்கும் தகுதியைத்தான் வாங்கிக்கொடுக்கிறீர்கள். முதலில் சம்பளக் கணக்கும் வங்கி அட்டையும் நம்பகமான ஒருவர் கைக்கு வரட்டும். கடன்காரர்களின் பட்டியலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். மறைத்த கடன் ஒன்றாவது இருக்கும், அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். மிரட்டும் வட்டிக்காரர் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம்.

அதே நாளில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் கட்டணமில்லாதது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள், குடும்பத்தவருக்கும் வழி சொல்வார்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தாலும் தனியே விடாதீர்கள். கடனைப் பற்றிய பேச்சு எல்லாம் பிறகு இருக்கட்டும், உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.